திரையில் உருளும் பந்து

(புதிதாய் ஆடப் புகும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும்)

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். தென்மேற்குப் பருவக்காற்று மஸ்கெலியாப் பக்கமிருந்து மழையை வாரிக்கொண்டு வந்து ஹட்டன் மலைகளின்மீது கொட்டுகின்றது. தேயிலைச் செடிகள் தலைகுனிந்து நனைகின்றன. பிரட்டுக் களத்திலே செந்நீர் குளம்போலத் தேங்கிவிட்டது. காலையில் அங்கே பந்துதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்கே? லயத்தின் தொங்கல் வீட்டு இஸ்தோப்பைச் சற்றே எட்டிப் பாருங்கள். ஏழெட்டுத் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு குவிந்திருக்கின்றன. அவற்றின் நடுவே ஒரு கைத்தொலைபேசி. அதன் சிறு திரையிலே பச்சைப் புற்றரை, வெள்ளைக் கோடுகள், ஓடும் இருபத்திரண்டு வீரர்கள், உருளும் ஒரு பந்து!

"கோல்!" என்றொரு கூக்குரல், தகரக் கூரையின் மழையொலியையும் மீறி எழுகின்றது. ஆனால், தொலைபேசியைக் கையில் வைத்திருக்கும் சிறுவன் கூவவில்லை. அவன் இன்றுதான் முதன்முறையாக இவ்விளையாட்டைத் தொட்டவன். எதிர்த்தரப்புக்கு ஏழு கோல்கள்; அவனுக்கோ ஒன்றுமில்லை. "எனக்கு இது வராது அண்ணே, நீங்களே விளையாடுங்க" என்று தொலைபேசியை உரியவனிடம் நீட்டுகின்றான். பக்கத்துக் காம்பராவிலிருந்து அவன் தாயாரின் குரல் கேட்கின்றது: "எந்நேரமும் அந்தப் போனைத்தானா பாக்கிறது? மழை விட்டதும் பீலிக்குப் போய்த் தண்ணி கொண்டா!"

இக்காட்சி ஒரு தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. பொகவந்தலாவை முதல் நுவரெலியா வரை மழைநாள்களிற் பல இஸ்தோப்புகளிலே காணக் கூடியதே. அந்தச் சிறுவனுக்கு ஒரு வார்த்தையும் அவன் தாயாருக்கு ஒரு வார்த்தையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். சிறுவனுக்குச் சொல்வது இது: தம்பி, உனக்கும் வரும், கற்க வேண்டிய முறையிலே கற்றால் விரைவிலேயே வரும். தாயாருக்குச் சொல்வது இது: அம்மா, இதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, ஆயினும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவும் ஆகாது.

மலைச்சரிவும் மைதானமும்

உதைபந்தாட்டத்துக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. ஒரு பந்து, கோலுக்கு அடையாளமாக இந்தப் பக்கம் இரண்டு கற்கள், அந்தப் பக்கம் இரண்டு கற்கள். அவ்வளவே. ஆனால், வேண்டிய இடமோ பெரிது. சர்வதேச ஆட்டங்கள் நடைபெறும் களம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து புறப்பட்டு நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் என்று இறங்கி வாருங்கள். வழியிலே அத்துணை பெரிய சமதரையை எத்தனை இடங்களிற் காண்பீர்கள்? சரிவெல்லாம் தேயிலை, தேயிலைக்கு ஒதுக்கியது போக எஞ்சிய மூலையிலே லயம். பந்தாட்டத்துக்கென்று எவரும் மலையை வெட்டிச் சமன் செய்து வைக்கவில்லை.

டிக்கோயாவின் டரவளை மைதானமும், லிந்துலைப் பக்கத்து ரதல்ல மைதானமும் தோட்டத் துரைமார் தங்கள் கழகங்களுக்கென அமைத்துக் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடிய இடங்கள். ஹட்டனிலே டன்பார் மைதானம் உண்டு. நோர்வூட்டிலும் ஒரு மைதானம் உண்டு. 2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்கள்முன் உரையாற்றியது அங்கேதான். கூட்டமானாலும் அதே களம், ஆட்டமானாலும் அதே களம் என்பதே நம் நிலை. மற்றைப் பிள்ளைகளுக்குப் பிரட்டுக் களமும், பள்ளிக்கூட முற்றமும், வளைந்து செல்லும் தோட்டத்து வீதியுமே மைதானங்கள். ஓங்கி உதைத்த பந்து தேயிலை மலைக்குள் உருண்டு, கானில் விழுந்து, ஆற்றைச் சேர்ந்துவிட்டால் அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது.

திரையிலுள்ள களமோ சரிவதில்லை. பந்து கானுக்குள் போவதில்லை. மழையும் அதனை நிறுத்துவதில்லை. பிள்ளைகளின் உள்ளம் அதன்பால் ஓடுவதிலே வியப்பென்ன?

ஆட்டம் வந்த வழி

இவ்விளையாட்டு நேற்று முளைத்ததன்று. 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம், பிரேசில் நாட்டு மாவீரர் பெலேயின் பெயரைத் தாங்கிய ஓர் உதைபந்தாட்ட வீடியோ விளையாட்டை வெளியிட்டது. அதிலே தோன்றிய வீரர்களை மனித உருவென்று கொள்வதற்கு நல்ல கற்பனை வேண்டும்; அத்துணை எளிய கட்டங்கள் அவை. 1993ஆம் ஆண்டின் இறுதியில் ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பெயராலே 'ஃபிஃபா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. பின்னர் ஆண்டுக்கொன்றாக அது வளர்ந்தது. 2022இல் வெளிவந்த 'ஃபிஃபா 23'உடன் அந்தப் பெயர் உடன்பாடு முடிவுற்றதால், 2023 முதல் அது 'ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி' என்னும் புதுப் பெயருடன் வருகின்றது. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1995இல் 'வின்னிங் இலெவன்' என்று தொடங்கிப் பின்னர் 'ப்ரோ எவலூஷன் சொக்கர்' என்று புகழ்பெற்ற தனது விளையாட்டை, 2021இல் 'ஈஃபுட்போல்' என்று பெயர் மாற்றி, விலையின்றியே வழங்கத் தொடங்கியது.

இவ்விரண்டு குடும்பங்களுக்கும் கைத்தொலைபேசியிலே ஆடத்தக்க வடிவங்கள் உண்டு. அவற்றை இறக்கிக்கொள்ளக் கட்டணமில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டு அறிமுகமாவது பெரும்பாலும் இவ்வழியாகவே.

"இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே, வீடியோ விளையாட்டுகள் முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய போட்டிகளாக இடம்பெற்றன. அவற்றுள் உதைபந்தாட்டமும் ஒன்று. அதிலே தங்கப் பதக்கம் பெற்றவர் தாய்லாந்து நாட்டு வீரர். நம் பிள்ளைகள் அனைவரும் பதக்கம் பெறப்போகிறார்கள் என்பது இதன் பொருளன்று. எந்த ஆட்டத்துக்கும் முறையும் பயிற்சியும் உண்டு என்பதே பொருள்.

முதற்பாடம்: விரலை அடக்கு

கைத்தொலைபேசியில் ஆடும்போது இடது பெருவிரல் திரையின் இடப்பக்கத்தே அசைந்து வீரனை நடத்தும். வலது பெருவிரல், வலப்பக்கத்தேயுள்ள பொத்தான்களைத் தொடும். பந்து நம்மிடம் இருக்கும்போது அப்பொத்தான்கள் பந்தைக் கொடுப்பதற்கும், கோலை நோக்கி அடிப்பதற்கும், விரைந்தோடுவதற்கும் உரியவை. பந்து எதிரியிடம் சென்றதும் அவையே காவலுக்குரிய பொத்தான்களாக மாறிவிடும். புதியவர்கள் தடுமாறும் முதலிடம் இதுவே. ஆகவே, எவரோடும் போட்டியிடுவதற்கு முன்னர், பயிற்சிப் பகுதியிலே தனியே அரைமணி நேரம் பந்தை உருட்டிப் பழகுதல் வேண்டும்.

பிளேஸ்டேஷன் போன்ற கருவியில் ஆட வாய்ப்புக் கிடைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெருக்கல் குறியிட்ட பொத்தான் இரு விளையாட்டுகளிலும் பந்தைக் கொடுப்பதற்கே. ஆனால், கோலை நோக்கி அடிப்பதற்கு ஈஏ நிறுவன விளையாட்டில் வட்டக் குறியையும், கொனாமி விளையாட்டிற் சதுரக் குறியையும் அழுத்த வேண்டும். ஒன்றிலே பழகிய விரல் மற்றொன்றிலே ஏமாறும். தொடக்கத்தில் ஏதேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதிலேயே நிற்பது நன்று.

பொத்தான்களை அறிந்துவிட்டாயா? இனிமேல்தான் உண்மையான பாடம். புதிதாய் ஆடுபவன் செய்யும் முதற் பிழை, விரைந்தோடும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிப்பது. வேகமாக ஓடினால் வெற்றி என்று அவன் நினைக்கின்றான். விரைந்தோடும் வீரனுடைய காலிலிருந்து பந்து சற்றே தள்ளிப் போகும். திரும்ப வேண்டிய இடத்திலே அவனாற் சட்டென்று திரும்பவும் இயலாது. எதிரி காத்திருந்து எளிதாகப் பறித்துக்கொள்வான். போதாததற்கு, வீரனின் உடற்சக்தியும் ஆட்டத்தின் பின்பாதிக்கு முன்னே வற்றிவிடும்.

இந்த உண்மையைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். உன் தாயாரைக் கேள். முதன்முதலாக மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன நாளிலே அவரும் இரு கைகளாலும் அள்ளி அள்ளிக் கூடையில் இட்டிருப்பார். கொழுந்து மடுவத்திலே கணக்கப்பிள்ளை கூடையைக் கிளறிப் பார்த்து, முத்தலிலையும் காம்புமாக எடுத்து வந்ததற்குக் குறை சொல்லியிருப்பார். பிறகுதான் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே இருக்கின்றன என்று கண் தேட, தேடிய இடத்துக்கு மட்டுமே கை போகக் கற்றிருப்பார். இன்று அவர் விரல்கள் செடியின்மேற் பறக்கின்றன. ஆனால், அந்த வேகம் முதல் நாள் வந்ததன்று. நிதானத்திலிருந்து பிறந்த வேகம் அது. பதறாத காரியம் சிதறாது என்று பெரியோர் சொன்னது கொழுந்துக்கும் பொருந்தும், பந்துக்கும் பொருந்தும்.

ஆகையால், முதல் வாரம் விரைந்தோடும் பொத்தானைத் தொடுவதேயில்லை என்று ஒரு விரதம் பூண்டுகொள். ஆட்டம் மந்தமாகத் தோன்றும், பொறுத்துக்கொள். உன் கண் களத்தைக் காணத் தொடங்குவது அப்பொழுதுதான்.

இரண்டாம் பாடம்: பந்தைக் கொடு

திரையின் கீழே ஒரு சிறு வரைபடம் தோன்றும். அதிலே இரு நிறப் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு நிறம் உன் வீரர், மற்றொரு நிறம் எதிரி வீரர். புதியவன் பந்தை மட்டுமே பார்ப்பான். பழகியவன் பந்தை ஒருமுறை பார்த்தால் வரைபடத்தை இருமுறை பார்ப்பான். பந்து உன் வீரனிடம் வந்து சேர்வதற்கு முன்னரே, அடுத்து யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். வந்து சேர்ந்தபின் யோசிப்பவனிடமிருந்து பந்து பறிபோகும்.

பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறாயோ அவ்வளவு வலிமையாகப் பந்து செல்லும். அருகிலுள்ளவனுக்கு மெல்லத் தொட்டாற் போதும். தூரத்திலுள்ளவனுக்குச் சற்றே நீட்டி அழுத்த வேண்டும். ஒருவனிடம் கொடுத்துவிட்டு, இன்னொருவன் வழியாகத் திரும்பப் பெறும் முக்கோணப் பரிமாற்றத்தைப் பழகிக்கொள். முன்னே வழியில்லையானாற் பின்னே கொடுப்பதிலே வெட்கமில்லை.

இதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. 2010ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவிலே உலகக் கிண்ணத்தை வென்ற ஸ்பெயின் அணி, ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து அடித்த கோல்கள் எட்டே எட்டு. நெதர்லாந்துக்கு எதிரான இறுதியாட்டத்திலே மேலதிக நேரத்தின் 116ஆவது நிமிடத்தில் இனியஸ்டா அடித்த ஒரே கோல் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தது. அதுவரை அவர்கள் செய்தது என்ன? பந்தைக் குறுகக் குறுகக் கைமாற்றி, எதிரியை ஓடவைத்து, வாய்ப்புக்காகக் காத்திருந்தார்கள். உலகின் தலைசிறந்த வீரர்களே அத்தனை பொறுமையோடு காத்திருந்தார்களென்றால், இன்று ஆடத் தொடங்கிய நமக்கு அவசரம் ஏன்?

மூன்றாம் பாடம்: பந்து நம்மிடம் இல்லாதபோது

ஏழு கோல் வாங்கிய நம் சிறுவனின் ஆட்டத்தை ஆராய்ந்தால், அவற்றுட் பெரும்பாலானவை ஒரே பிழையால் வந்தவையாக இருக்கும். பந்துள்ள எதிரியைக் கண்டதும் அவன் தன் பின்கள வீரனை அவனை நோக்கிப் பாய விட்டிருப்பான். பாய்ந்தவன் நின்றிருந்த இடம் வெறுமையாகும். அந்த வெறுமையிலே எதிரி பந்தைத் தள்ளுவான். அப்புறம் பந்துக் காப்பாளர் ஒருவரே மிச்சம்.

காவல் என்பது பாய்வதன்று, வழியை மறிப்பது. எதிரிக்கும் உன் கோலுக்கும் நடுவிலே நில். அவன் நகர நகர நீயும் நகர். அவன் தவறு செய்யும்போது காலை நீட்டு. நடுவிலுள்ள பின்கள வீரர் இருவரையும் அவர்கள் இடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகாதே. மத்தியகள வீரனைத் தெரிவு செய்து அவனைக்கொண்டு எதிரியை நெருக்கு. சறுக்கி விழுந்து பறிப்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கோலுக்கு முன்னேயுள்ள பெட்டிக்குள் அதனைச் செய்து தவறினால் மத்தியஸ்தர் பெனால்டி கொடுத்துவிடுவார்.

ஓஃப்சைட் விதியும் புதியவர்களைக் குழப்பும். சுருங்கச் சொன்னால், எதிரியின் பாதிக் களத்திலே, உன் கூட்டாளி உனக்குப் பந்தைக் கொடுக்கும் அந்தக் கணத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்திய வீரனையும் தாண்டி நீ கோலை நெருங்கி நிற்கலாகாது. காப்பாளரும் அந்தக் கணக்கிலே ஒருவர். 1925ஆம் ஆண்டுக்கு முன்னர் உனக்கும் கோலுக்கும் இடையே மூன்று எதிரிகள் நிற்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அது இரண்டாகக் குறைக்கப்பட்டது. புத்தகத்திலே பலமுறை படித்தும் விளங்காத இவ்விதி, திரையிலே இரண்டுமுறை கொடி தூக்கப்பட்டால் விளங்கிவிடும். இது இவ்விளையாட்டு தரும் நன்மைகளுள் ஒன்று.

நான்காம் பாடம்: கோலின் முன்னே

கோலைக் கண்டதும் புதியவனின் விரல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பந்து கம்பத்துக்கு மேலே வானத்துக்குப் போகும். அருகிலிருந்து அடிக்கும்போது இலேசான தொடுகையே போதும். காப்பாளர் எந்தப் பக்கம் நெருங்கி நிற்கிறாரோ அதற்கு எதிரான தூரத்து மூலையை நோக்கு. ஓரத்திலிருந்து நெருக்கமான கோணத்திலே அடிப்பதைவிட, நடுவிலே ஓடிவரும் கூட்டாளிக்குத் தரையோடு பந்தை உருட்டிவிடுவது பன்மடங்கு மேல். கோலடித்தவன் பெயர் திரையிலே வரும். கொடுத்தவன் பெயர் சிறிதாகவே வரும். ஆயினும், ஆட்டத்தை வெல்பவன் கொடுக்கத் தெரிந்தவனே.

அணியின் வியூகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நால்வர் பின்னே, நால்வர் நடுவே, இருவர் முன்னே என்னும் பழைய 4-4-2 அமைப்பே தொடக்கத்துக்கு ஏற்றது. யார் எங்கே நிற்கிறார் என்பது எளிதிலே நினைவில் நிற்கும். வாரத்துக்கொரு வியூகம் மாற்றுபவன் ஒன்றையும் கற்பதில்லை.

ஏழுக்குப் பூச்சியம்

இப்பொழுது அந்தத் தோல்விக்கு வருவோம். அச்சிறுவன் செய்த பிழை தோற்றதன்று. முதல் நாளே பழகிய அண்ணனோடு மோதியதுதான். பெரிய கருவிகளுக்கான ஈஏ விளையாட்டிலே கணினியின் திறமை ஏழு படிகளாக வகுக்கப்பட்டிருக்கின்றது. மிகத் தாழ்ந்த படியிலே தொடங்கி, அங்கே எளிதாக வெல்லத் தொடங்கியபின் அடுத்த படிக்கு ஏறுவதே முறை. எந்த விளையாட்டானாலும் இதே வழிதான்: முதலிற் கணினியோடு, பின்னர் ஒத்த நண்பனோடு, அதன்பின் இணையத்திலே முகமறியாதவனோடு. மலைக்கு மலை சிக்னல் மாறும் நம் பகுதியிலே, இணையத்தில் ஆடும்போது விரல் தொட்டதற்கும் வீரன் அசைவதற்கும் இடையே தாமதம் ஏற்படும். அந்தத் தாமதத்தை உன் திறமைக்குறைவென்று எண்ணி மனம் உடையாதே.

ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும், "எந்தப் பிழையால் அதிகம் இழந்தேன்?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள். அடுத்த ஆட்டத்திலே அந்த ஒரு பிழையை மட்டும் திருத்து.

தோல்வியைப் பற்றி இன்னும் ஒரு சொல். 2010இல் கிண்ணத்தை வென்ற ஸ்பெயின், அந்தப் போட்டித் தொடரின் தன் முதலாட்டத்திலே சுவிட்சர்லாந்திடம் 1-0 என்று தோற்றது. 2022இல் கட்டாரிலே கிண்ணத்தை வென்ற ஆர்ஜென்டீனாவும், தன் முதலாட்டத்திலே சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது. மெஸ்ஸியே முதல் நாள் தோற்றுப் பின்னர் கிண்ணத்தைத் தூக்கினாரென்றால், இஸ்தோப்பிலே தோற்றவன் தலைகுனிய வேண்டியதில்லை அன்றோ?

விரலுக்குத் தக்க வீக்கம்

இனிப் பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி. கட்டணமின்றிக் கிடைக்கும் விளையாட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது? உள்ளே விற்கப்படும் பொருள்களிலிருந்து வருகின்றது. புகழ்பெற்ற வீரர்கள் மூடிய பொதிகளிலே வைத்து விற்கப்படுகிறார்கள். பணம் கொடுத்துப் பொதியைப் பிரித்தால் மெஸ்ஸியும் வரலாம். எவரும் அறியாத ஒருவரும் வரலாம். வரவில்லையே என்று மற்றொன்றைப் பிரிக்கத் தூண்டும். இது திருவிழாவிலே அதிர்ஷ்டச் சீட்டுக் கிழிப்பதைப் போன்றதே. 2018ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம், ஃபிஃபா 18 விளையாட்டின் இத்தகைய பொதிகள் தன் நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை என்று முடிவு கூறியது. 2019 ஜனவரியில் ஈஏ நிறுவனம், அப்பொதிகளை வாங்க உதவும் புள்ளிகளை அந்நாட்டிலே விற்பதை நிறுத்தியது. ஐரோப்பாவிலே அரசாங்கமே தலையிட வேண்டியிருந்தது என்றால், இங்கே நாம் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்!

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். பெரிய கருவிகளுக்கான முழு விளையாட்டு 2023இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 70 டொலர். டொலரொன்றுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 21,000 ரூபாய். 2024 செப்டம்பரிலே தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்துக்கு, அட்டை கடிக்கும் மழையிலே பதினைந்து நாளுக்கு மேல் நின்று கொழுந்தெடுத்தால்தான் அந்த ஒரு விளையாட்டை வாங்கலாம். தொலைபேசியிலே ஐந்நூறு ரூபாய்ப் பொதியை விரலால் தொட்டு வாங்குவது ஒரு கணம். அந்த ஐந்நூறு ரூபாய் மலையிலே எத்தனை மணி நேரம் என்பதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, மாணவனே, ஒரு சதமும் செலவிடாமலே ஆடு. ஆட்டத்தின் இன்பம் பொதிக்குள் இல்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் வீரர்களைக் கொண்டே பந்தைக் கொடுக்கவும் காவல் செய்யவும் கற்கலாம். பெற்றோரே, பணம் செலுத்தும் வழிக்குத் தொலைபேசியிலே கடவுச்சொல் இட்டு, அதனை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டை இறக்கும்போது கிகாபைட் கணக்கிலே டேட்டா செலவாகும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால், மாத முழுமைக்கும் போட்ட ரீலோட் ஒரு மாலையிலே தீர்ந்துவிடும்.

ஒரு வீட்டில் ஒரு தொலைபேசி

2020, 2021ஆம் ஆண்டுகளிலே கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, இதே தொலைபேசிதான் வகுப்பறையாகவும் இருந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டிலே ஏறி நின்று பாடம் கேட்டதை நாம் மறந்துவிடவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே ஐந்தாறு பேர் வாழும் வீட்டில், ஒரு தொலைபேசி அக்காளின் பாடத்துக்கும், வெளியூரிலே வேலை செய்யும் தந்தையின் அழைப்புக்கும், தம்பியின் ஆட்டத்துக்கும் பொதுவானது. அதனை ஒருவனே பிடித்துக்கொண்டிருப்பது அநீதி.

ஓர் ஆட்டம் ஏறத்தாழப் பத்து நிமிடத்திலே முடிந்துவிடும். ஆதலின், "அரைமணி நேரம்" என்று சொல்வதைவிட, "மூன்று ஆட்டம்" என்று வரையறுப்பதே வீட்டிலே சண்டையைக் குறைக்கும். நடுவிலே பிடுங்கினால் பிள்ளைக்குக் கோபம் வருவது இயல்பு. ஆட்டம் முடிந்ததும் வைத்துவிடச் சொன்னால் அது நியாயமென்று அவனுக்கும் தெரியும். பாடம் முடித்தபின் ஆட்டம். படுக்கைக்குப் போகும் நேரத்திலே ஆட்டமில்லை. இருட்டிலே திரையை முகத்தருகே பிடித்தல் கூடாது. முகமறியாதவர் செய்தி அனுப்பினால் பெரியவரிடம் காட்ட வேண்டும். இந்த நான்கும் போதும்.

பெண் பிள்ளைகளையும் இதிலே சேர்த்துக்கொள்ளுங்கள். மைதானத்திலே அவர்களுக்கு இடம் தரத் தயங்கும் ஊரிலும், திரையின்முன் தயங்க ஒரு காரணமும் இல்லை. தங்கையிடம் தோற்றுப் பார்த்த அண்ணன், அடுத்த நாள் மைதானத்திலும் அவளுக்கு இடம் விடுவான்.

திரையிலிருந்து களத்துக்கு

எல்லாம் சொன்னபின் ஓர் உண்மையை மறைத்தலாகாது. திரை கற்றுத் தராதவையும் உண்டு. மேட்டிலே ஓடும்போது நெஞ்சு அடைப்பதை அது தராது. ஈரப்பந்து காலிலே படும் சுகத்தைத் தராது. விழுந்த கூட்டாளிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடும் உறவையும் தராது. ஆனால், திரையிலே கற்றவற்றுள் ஒன்றைக் களத்துக்கு எடுத்துச் செல்லலாம். தலையை நிமிர்த்தி, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, உரியவனுக்கு உரிய நேரத்திலே பந்தைக் கொடுக்கும் பழக்கம் அது. பிரட்டுக் களத்திலே பந்தின்பின் பதினைந்து பேரும் ஒன்றாக ஓடும் கூட்டத்தில், அப்படி ஒருவன் நின்று பார்த்தால் ஆட்டமே மாறிவிடும்.

மீண்டும் அந்த இஸ்தோப்புக்கே வருவோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதே சிறுவன், அதே மழை. கணினியின் தாழ்ந்த படியிலே ஆடிப் பழகிவிட்டு, இன்று மறுபடியும் அண்ணனோடு மோதுகின்றான். எதிரிக்கு இரண்டு கோல், அவனுக்கு ஒன்றுமில்லை. பீலியிலிருந்து வந்த தாயார் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஈரத்தலையைத் துவட்டியபடி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கின்றார். உதைபந்தாட்ட விதி ஒன்றும் அவர் அறியார். ஆனால், செடிப்பரப்பு முழுவதையும் ஒரே பார்வையில் அளந்து பழகிய கண்கள் அவை.

"ஏன்டா, அந்தப் பக்கம் ஒருத்தன் சும்மா நிக்கிறானே, அவன்கிட்டக் குடேன்!"

சிறுவன் வரைபடத்தைப் பார்க்கின்றான். ஆம், நிற்கின்றான். மெல்லத் தொடுகின்றான். பந்து உருள்கின்றது.

ஆட்டம் 2-1 என்று முடிந்தது. தோல்விதான், ஆனால் இம்முறை அவன் தொலைபேசியை வருத்தத்தோடு நீட்டவில்லை. மழை விட்டிருந்தது. "பந்தை எடுங்கடா!" என்று எவனோ கூவ, ஏழெட்டுப் பேரும் பிரட்டுக் களத்துக்கு ஓடினார்கள். தொலைபேசி இஸ்தோப்புத் திண்ணையிலே தனியே கிடந்தது.